கட்டம் கட்டமாய் ஒரு வாழ்த்துமடல்

“இது எந்த பாஷைங்க மேடம்?” என்று கேட்டான் சக்திவேல்.

மணிமொழி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, அந்த ஃப்ளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து அவள் கொண்டுவந்தது நல்ல தமிழ். தேரடி வீதியில் சக்திவேலின் டி.டி.பி. கடையில் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் வரிசையாக நிற்கின்றன.

“தமிழ்தாங்க. வாழ்த்துமடல். எங்க சூப்பிரண்டன்ட் புதன்கிழமை ரிட்டயர் ஆகறாரு.”

அன்று திங்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஜூன் இருபத்தெட்டு.

சூப்பிரண்டன்ட் சகாதேவன் மணிமொழிக்கு யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காகிதத்துக்காக இந்த அம்மாள் ஏன் இப்படி அலைந்தாள் என்பது புரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அதே ஆபீசில் கிளார்க்காக இருந்த அவள் கணவன் திடீரென்று போய்விட்டான். கையில் இரண்டு குழந்தைகள். கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கேட்ட கோப்பு மேசை மேசையாகத் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பி, சொந்த லீவில் நாலு முறை மெட்ராஸ் போய், உத்தரவைக் கையோடு வாங்கி வந்தவர் சகாதேவன்.

அதற்கு ஒரு நன்றி சொல்ல அவளுக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. “சார், அன்னிக்கி நீங்க மட்டும்...” என்று ஆரம்பித்தால் போதும், மனுஷன் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். “இந்த ட்ராஃப்ட்ல தேதி போடல பாருங்க” என்பார். ஆபீசில் எந்தக் காகிதமும் அவர் கையிலிருந்து சிவப்பு வட்டமில்லாமல் திரும்பியது கிடையாது. ஆகவே இந்த வாழ்த்துமடல்தான் கடைசி வாய்ப்பு. அவர் வட்டம் போட முடியாதபடி, அச்சுப் பிசகாமல், கண்ணாடி ஃப்ரேமுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

மடலின் வாசகத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அது எப்போதோ தட்டச்சுக் காலத்தில் யாரோ எழுதியது. பிறகு கம்ப்யூட்டருக்கு ஏறியது. பத்தொன்பது பேர் ரிட்டயர் ஆனார்கள், பத்தொன்பது பேருக்கும் அதே மடல்தான், பெயரை மட்டும் மாற்றுவார்கள். ‘கோப்புக் கடலில் நீந்திக் கரை கண்டவரே’ என்று வாட்ச்மேன் சடையனைக்கூட வாழ்த்தினார்கள். கோப்பு இருக்கும் அறைக்குள் காலே வைத்தறியாத சடையன் அன்று விம்மி அழுதுவிட்டான். அப்படிப்பட்ட தமிழ். அது வாசிக்கப்படும்போது சகாதேவன் சார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதடு லேசாக அசையும். ஏதோ நாமம் ஜபிக்கிறார் போலிருக்கிறது என்று மணிமொழி நினைத்துக்கொள்வாள்.

“உங்க ஃபாண்ட் என் சிஸ்டத்துல இல்ல, அதான். இருங்க, என் ஃபாண்ட்டப் போடறேன்” என்று சக்திவேல் எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்து ஒரு தட்டு தட்டினான்.

கொம்புகள் மறைந்தன. தமிழ் வந்தது. ஆனால் ‘ழூ’வும் ‘ஞூ’வும் ‘ஙெள’வும் சேர்ந்து நின்றன. சகாதேவன் பெயர் இருந்த இடத்தை வாய்விட்டுப் படித்தால் கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது.

“எழுத்து வந்துடுச்சி மேடம். அர்த்தம்தான் வரல” என்றான் சக்திவேல், பாதி வேலை முடித்தவனாக.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் ஃபாண்ட்டையே ஃப்ளாப்பியில் ஏற்றி அவள் எடுத்துப் போனாள். சக்திவேல் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டான். மடல் பளிச்சென்று வந்தது. ‘கோப்புக் கடலில்’ என்று அவள் சந்தோஷமாக வாசிக்க ஆரம்பித்தாள். பக்கத்து ஸ்டூலில், மகள் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்க்க வந்திருந்த செங்கம் ராமகிருஷ்ணன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

“தம்பி, எம் பொண்ணு பேரு எங்க போச்சி?”

இரண்டு ஃபாண்ட்டுக்கும் ஒரே பெயராம். புதியது வந்து பழையதைத் துரத்திவிட்டது. கடையில் இருந்த முப்பது கல்யாணப் பத்திரிகையும் இரண்டு காதணி விழாவும் ஒரே நேரத்தில் கெட்டுப்போயின. ராமகிருஷ்ணனின் மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ‘ஙூ’வாக நின்றார்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று ராமகிருஷ்ணன் கோபப்படாமல் சொன்னார். அதுதான் மணிமொழிக்கு அதிக பயமாக இருந்தது. சக்திவேல் வேர்க்க விறுவிறுக்க அவள் ஃபாண்ட்டைத் தூக்கி எறிந்து, தன்னுடையதைத் திரும்பப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பினான்.

“மேடம், கோவிச்சிக்காதீங்க. பி.டி.எஃப். பண்ணி மெயில்ல அனுப்புங்க. அத எங்க தொறந்தாலும் அப்படியே இருக்கும். நான் அப்படியே அடிச்சி, ஃப்ரேம் போட்டுக் குடுத்துடறேன். ஃபாண்ட் மட்டும் எடுத்துக்கினு கடைக்கு வராதீங்க.”

பி.டி.எஃப். பண்ண ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் வினோதினி என்ற பெண் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டாள். ஃப்ளாப்பியிலிருந்து ஃபாண்ட்டைப் போட்டாள், மடலைத் திறந்தாள், பி.டி.எஃப். ஆக்கினாள். திரையில் ஒரு புள்ளி பிசகவில்லை. மணிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. சக்திவேலுக்கு அனுப்பிவிட்டு, போனிலும் கண்டிப்பாகச் சொன்னாள்: எப்படி வருகிறதோ அப்படியே அடித்துவிடு, எதிலும் கை வைக்காதே.

சக்திவேல் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் போனபோது ஃப்ரேம் தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. தேக்கு நிறச் சட்டம், ஓரத்தில் தங்கக் கோடு. உள்ளே வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள். சகாதேவன் என்ற பெயர், காலும் கொம்பும் தனித்தனியாக, ஏழு கட்டம். கமாவும் முற்றுப்புள்ளியும் மட்டும் தமிழில் இருந்தன.

“இன்னாங்க இது?”

“நீங்கதான கை வெக்கக் கூடாதுன்னீங்க. ஆபீஸ் சமாச்சாரம், எதுனா படிவமா இருக்கும்னு நெனச்சேன்.”

திரும்ப ஆட்டோ, திரும்ப ஆசிரமம். வினோதினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஃபாண்ட்டையும் ஃபைலுக்குள்ளேயே சேர்த்து அனுப்பு என்று ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டுமாம், அதை மறந்துவிட்டாளாம். “மாப்பிள்ளைய மண்டபத்துக்கு அனுப்பிட்டு வேட்டிய வீட்லயே வெச்சிட்டேன் அக்கா” என்றாள். இந்த முறை டிக் போட்டாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். சக்திவேலும் முகம் சுளிக்காமல் இன்னொரு ஃப்ரேம் போட்டான். ஐந்தரை மணிக்கு மடல் தமிழாகவே வெளியே வந்தது. மணிமொழி மூன்று முறை படித்தாள். எழுத்து, கமா, தேதி எல்லாம் சரி. இவர்களெல்லாம் எனக்கு என்ன உறவு, எனக்காக இத்தனை பாடு படுகிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கெட்ட ஃப்ரேமையும் போட்டோ மாட்ட ஆகும் என்று சக்திவேல் கட்டிக் கொடுத்துவிட்டான். இரண்டும் ஒரே அளவு, ஒரே செய்தித்தாள் சுற்றல். கெட்டதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போட்டு, இரண்டையும் ஆபீஸ் பீரோவில் வைத்தாள். ஆபீஸ் உதவியாளர் ஆராயியிடம் இரண்டு முறை சொன்னாள்: “பெருக்கல் போட்டது வேணாம். போடாதது மேடைக்கு.” ஆராயி தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை நாலு மணி. மிக்சர், கேசரி, சந்தன மாலை. மடல் வாசிக்க மணிமொழியைக் கூப்பிட்டார்கள். ஆராயி பார்சலைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் பெருக்கல் குறி இல்லை. மணிமொழி தாளைப் பிரித்தாள்.

கட்டங்கள்.

எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் மாலையோடு சகாதேவன் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார். மடலைத்தான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாளே, மனப்பாடமாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். கோப்புக் கடல் வரைக்கும் வந்தது. அதற்குமேல் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் ஃப்ரேமைக் கீழே வைத்தாள்.

“தொண்ணூத்தி மூணுல எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. இந்த ஆபீஸ் வாசல்ல ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். எல்லாரும் மனு எழுதுங்கன்னாங்க. சார் மட்டும் வந்து, புள்ளைங்க சாப்ட்டாங்களானு கேட்டாரு. அப்புறம்தான் மனு எழுதிக் குடுத்தாரு. எனக்காக நாலு வாட்டி மெட்ராஸ் போனாரு. இன்னிக்கி எம் பொண்ணு நர்சிங் படிக்கிறா, பையன் பாலிடெக்னிக். நன்றி சொல்ல வந்தப்பல்லாம் தேதி போடலன்னு அனுப்பிச்சிட்டீங்க சார். இன்னிக்கி தேதி முப்பது, ஜூன் மாசம், ரெண்டாயிரத்து நாலு. போட்டுட்டேன். ரொம்ப நன்றி சார்.”

எல்லோரும் கை தட்டினார்கள், நிறுத்த முடியவில்லை. சகாதேவன் ஃப்ரேமை வாங்கி மடியில் வைத்தார். வழக்கப்படி கை சட்டைப் பைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தார். பேனாவை மூடினார்.

“ஒரு தப்புகூட இல்லம்மா” என்றார்.

கட்ட ஃப்ரேமையே அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்ததும் மணிமொழி நேராகப் பீரோவுக்குப் போனாள். உள்ளே நல்ல ஃப்ரேம் பத்திரமாக இருந்தது, பெருக்கல் போட்ட தாள் அதன்மேல் சுற்றியிருந்தது. ஆராயி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், தாளை யார் மாற்றியது என்று கேட்டாள்.

ஆராயி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “காலையில சார்தான் ரெண்டையும் பிரிச்சிப் பார்த்துட்டு மாத்தினாரும்மா. ‘பத்தொம்போது பேருக்கு நான் எழுதிக் குடுத்த மடல, கடசீல எனக்கே வாசிக்கப் போறாங்க ஆராயி, எனக்காச்சும் வேற எதுனா சொல்லட்டும்’னாரு.”