என் கட்டைவிரலை ஏற்காத பூட்டு

பொருளாதாரப் பேராசிரியரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நலம். அடுத்தவன் தொழில் நசிவதைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நீ, உன் நலத்துக்கு என்ன குறை?

சந்தையைத் திறந்துவிட்டால் நாடு வளரும் என்று மேடைக்கு மேடை பேசுகிறாய். நான் பூட்டுப் பட்டறைக்காரன். ‘திற’ என்று எவன் சொன்னாலும் சந்தேகப்படுவதுதான் என் தொழில். மாணவர்களை என் பட்டறைக்கே கூட்டிவந்து, “திறன் குறைஞ்ச உற்பத்தின்னா இதுதான், நல்லாப் பாத்துக்கோங்க” என்று என்னைக் காட்டினாயே, அதை நான் மறக்கவில்லை. அன்று எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தவனும் நான்தான்.

இப்போது அக்கா பிறந்தநாளுக்கென்று, விரல் வைத்தால் திறக்கும் வெளிநாட்டுப் பூட்டை அனுப்பியிருக்கிறாய். அன்பளிப்பா, அவமதிப்பா? வீட்டில் எல்லார் விரலையும் அது ஏற்றுக்கொண்டது. காலமெல்லாம் அரம் பிடித்து ரேகை தேய்ந்த என் கட்டைவிரலை மட்டும் ஏற்கவில்லை. வைத்தால் ஒரு பெண்குரல் ஏதோ பாஷையில் வைகிறது. “என்னடி சொல்றா அவ?” என்று வெளியே நின்று கத்தினேன். “நீங்க யாருன்னு கேக்கறா. எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு” என்கிறாள் உன் அக்கா.

பட்டறையில் முழுப் பூட்டை வாங்க ஆளில்லை. உன்னோடு படித்த அந்த ஏற்றுமதித் தரகர் மட்டும் பூட்டு வேண்டாம், உள்ளே ஓடித் தாழிடும் பித்தளை நாக்கு மட்டும் போதும் என்று மூட்டை மூட்டையாக வாங்கிப்போகிறார். அதில்தான் கூலி கொடுக்கிறேன், புதிதாக ஆளும் சேர்த்தேன். ஆனாலும் பூட்டை விட்டுவிட்டு நாக்கை மட்டும் வாங்குகிறவன் யோக்கியனாக இருப்பானா? நேற்று கேட்டேவிட்டேன். “காசு ஒழுங்கா வருதில்ல சார், அப்புறம் என்ன?” என்று சிரித்தார். உன் சிரிப்பு மாதிரியே இருந்தது. “இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க” என்று விரட்டிவிட்டேன். பட்டறையை மூடினாலும் மூடுவேனே தவிர ஏமாற மாட்டேன். உன் பூட்டையும் கழற்றித் திருப்பி அனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மிச்சமிருந்தால் உனக்கும்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும் அத்தான்

பின்குறிப்பு: பூட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த பித்தளை நாக்கில் என் பட்டறையில் குத்தும் பிறைக்குறி! பேசுவது எந்த நாட்டு மொழியோ, நாக்கு என்னுடையது. பூட்டை அனுப்பவில்லை. நீ உடனே அந்தத் தரகரைப் பார்த்து, அத்தானுக்கு அன்றைக்குப் பித்தம் என்று சொல்லிக் கையோடு கூட்டி வா. நான் சொன்னதாகச் சொல்லாதே. ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது: இதெல்லாம் தெரிந்துதானே அந்தப் பூட்டை அனுப்பினாய்?