கிளாரினெட்காரருக்குப் போர்த்திய மேசைவிரிப்பு

கலையை ரசிக்கத் தெரியாதவன்கூடக் கலைஞனுக்குப் பொன்னாடை போர்த்தலாம். எங்கள் ஊரில் அதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. சொல்லப்போனால், ரசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் போர்த்துவார்கள். நான் என் வாழ்நாளில் ஒரே ஒருவருக்குத்தான் போர்த்தியிருக்கிறேன். கோபன்ஹேகனில், ஒரு மதுச்சாலையில், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது. போர்த்தியது பொன்னாடைகூட இல்லை.

அப்போது நான் டென்மார்க்கில் வைலே என்ற ஊரில், ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றிக்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தொன்பது. புத்தி அதில் பாதிகூட இல்லை. மனைவி தவமலர் யாழ்ப்பாணத்தில், ஷெல்லுக்கும் ஊரடங்குக்கும் நடுவில், நான் தூக்கிப் பழகாத ஒரு குழந்தையோடு இருந்தாள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும்: ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. நட்பான வணக்கங்களுடன்.’ ஒரு மனிதனை இவ்வளவு நட்போடு நடுத்தெருவில் நிறுத்தலாம் என்பதை நான் டென்மார்க்கில்தான் கண்டேன்.

வைலேயில் எங்களுக்கு ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். தலைவர் குலசிங்கம் அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், ஆகவே அரசாங்கங்கள் எப்படி நடக்கின்றன என்பது அவருக்குத் தெரியும் (இதுவும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்).

ஒருநாள் அண்ணை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். டேனிஷ் வகுப்பு டீச்சர் வாய்தவறி ஒன்று சொல்லிவிட்டாராம். எங்கள் விண்ணப்பங்கள் கிடக்கும் அலுவலகத்தில் வேலைசெய்யும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கோபன்ஹேகனில் ஒரு மதுச்சாலையில் ஜாஸ் வாசிக்கிறாராம்.

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது, அண்ணை?”

“ஆள் கலைஞன். கலைஞனை மரியாதையால பிடிக்கலாம். ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ரெண்டு வார்த்தை கதைச்சு, உன்ரை கேஸ் நம்பரை ஒரு என்வலப்பில வைச்சுக் குடுப்பம்.”

“லஞ்சம் மாதிரி எல்லே இருக்கு?”

“லஞ்சம் ஒளிச்சுக் குடுக்கிறது. இது மேடையில குடுக்கிறது.”

இந்த வாதத்துக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. அன்று தேடவும் இல்லை. மனைவியும் பிள்ளையும் பங்கருக்குள் இருக்கும்போது மனிதன் எந்த மடையன் சொல்வதையும் கேட்பான். நான் கேட்டேன்.

பொன்னாடைக்கு வைலே முழுதும் அலைந்தோம். கடைசியில் ஒரு கடையில் மலிவு விற்பனையில் தங்க நிறத்தில் ஒரு மேசைவிரிப்புக் கிடைத்தது. ஓரத்தில் சின்னச் சின்ன நத்தார் மரங்கள்; கிறிஸ்மஸுக்கு விற்று மிஞ்சியது. அண்ணை அவற்றை உள்ளுக்கு மடித்துத் தைத்தார். நான் கலியாணக் கோட்டை எடுத்துப் போட்டேன். அண்ணை நெற்றி நிறைய விபூதி பூசினார். அந்தக் காலத்தில் ரயிலையே கப்பலுக்குள் ஏற்றித்தான் கடலைக் கடப்பார்கள். அந்தக் கப்பலில் நின்று என் டேனிஷ் உரையை ஏழு முறை ஒப்பித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி கப்பலின் வேறு தளத்துக்குப் போய்விட்டாள்.

மதுச்சாலை என்றால் என்ன என்று நான் நினைத்திருந்தேனோ, அது அங்கே இல்லை. பட்டப்பகலில் இருட்டு. மேசைக்கு மேசை மெழுகுதிரி, மேசைக்குக் கீழே நாய். புகைக்குள் ஒரு ஐம்பது பேர், கம்பளிச் சட்டையும் கலைந்த தலையுமாக. இந்தக் கோலத்தில் எங்கள் ஊர்ச் சாவீட்டுக்குப் போனால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேடைக்கு முன்னால் இரண்டு கதிரை வெறுமையாக இருந்தன. குலசிங்கம் அண்ணை பிறந்ததிலிருந்து முன்வரிசை தவிர வேறெங்கும் இருந்து அறியாதவர். போய் இருந்தார். நானும் இருந்தேன். இரண்டு தோடம்பழச் சோடா வாங்கினோம். அதை அந்தப் பரிசாரகர் வைத்துவிட்டுப் போன விதத்தில் எவ்வளவோ அர்த்தம் இருந்தது.

மேடையில் ஐந்து பேர். கிளாரினெட், பியானோ, கிற்றார், டிரம்ஸ், ஆளுயரப் பிடில் மாதிரிப் பேஸ் ஒன்று.

“இதில ஆர் எங்கடை ஆள்?” என்று கேட்டேன்.

“கிளாரினெட்,” என்றார் அண்ணை.

“டீச்சர் சொன்னவவோ?”

“சொல்லவேணுமே? எங்கடை ஊரில ஆருக்குப் போர்த்துறது? நாதஸ்வரக்காரனுக்கு. ஊதுறவன்தான் பெரிய ஆள். மற்றவையள் பக்கவாத்தியம்.”

இதையும் நான் நம்பினேன். எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

கிளாரினெட்காரர் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் தனியாக ஊதினார். முடிந்ததும் சனம் கைதட்டியது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். ஜாஸில் பாட்டின் நடுவிலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைதட்டுவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? கைதட்டினால் உருப்படி முடிந்தது; முடிந்தால் பொன்னாடை. அண்ணை என் முழங்கையில் இடித்தார்.

“எழும்பு. இதுதான் நேரம்.”

ஏறினேன். பியானோ போய்க்கொண்டுதான் இருந்தது. மங்கல இசை என்று எடுத்துக்கொண்டேன். கிளாரினெட்காரர் ஆறரை அடி, நான் ஐந்தே கால். போர்த்த முடியவில்லை, எறியத்தான் முடிந்தது. விரிப்பு அவர் தலையை மூடிக் கிளாரினெட்டில் மாட்டிக்கொண்டது. மடித்துத் தைத்த ஓரம் பிரிந்து, நத்தார் மரங்கள் அவர் நெற்றியில் வரிசையாக வந்து நின்றன. அது மே மாதம். டிரம்ஸ்காரர் இதை ஒரு பகிடி என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டினார். நான் அதை எனக்கான சமிக்ஞை என்று நினைத்து மைக்கைப் பிடித்தேன்.

“மாண்புமிகு ஐயா,” என்று டேனிஷில் தொடங்கினேன். “உங்கள் இசை எங்கள் உள்ளங்களைத் திறந்தது. அதுபோல் நீங்கள் என் விண்ணப்பத்தையும் திறக்கவேண்டும்.” பிறகு விண்ணப்ப இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன். அண்ணை கீழே இருந்து, “மனிசி பிள்ளையின்ரை பேரையும் சொல்லு,” என்றார். சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் உடைந்தது. அந்த இடத்தில் நாய்கள்கூட அசையவில்லை.

கிளாரினெட்காரர் விரிப்பை மெதுவாகக் கழற்றி, நன்றாக மடித்து, என் கையில் தந்தார்.

“நான் பல் டாக்டர்,” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். பேஸுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதர், தன்னை முழுதாக மறைக்க அந்த வாத்தியம் போதாதே என்ற கவலையோடு நின்றார். எங்கள் ஆள் அவர். பக்கவாத்தியம்.

வாசல்வரை எங்களைக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். நான் என்வலப்பை நீட்டினேன். அவர் தொடவில்லை.

“நான் அங்கே சம்பளப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் கடதாசிகளை நான் கண்ணாலும் கண்டதில்லை,” என்றார். பிறகு தணிந்த குரலில், “இப்படி இனிச் செய்யவேண்டாம். உங்களுக்கே கெடுதலாகிவிடும்,” என்றார்.

திரும்பிவரும் கப்பலில் குலசிங்கம் அண்ணை, “உரை நல்லா இருந்தது,” என்றார். அன்றிலிருந்து கடிதம் வருவதும் நின்றுபோனது. அந்த நட்பான வணக்கமும் இல்லை. ஆறு மாதம், எட்டு மாதம். ஊரில் சண்டைச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது அந்த மேசைவிரிப்புத்தான். மேடையில் ஏறி என் மனைவியையும் பிள்ளையையும் நானே சாகக் கொடுத்துவிட்டேன் என்று நம்பினேன். தவமலருக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை. பயம்.

பிறகு ஒருநாள் அனுமதி வந்தது. எனக்கு மட்டுமில்லை, என்னைப்போல் காத்துக்கிடந்த பலருக்கும். தவமலரும் நாலு வயது மகளும் வந்து இறங்கினார்கள். குலசிங்கம் அண்ணை விமான நிலையத்துக்கே வந்து, “பாத்தியே, பொன்னாடை வேலை செய்திட்டுது,” என்றார்.

அதற்கும் பிறகுதான் உண்மை நாட்டுக்கே வெளிச்சமானது. மேலே இருந்தவர்கள் சொல்லித்தான் எங்கள் விண்ணப்பங்களைத் தொடாமல் கிடப்பில் போட்டிருந்தார்களாம். விசாரணை நடந்தது, பெருத்த அறிக்கை வந்தது, அரசாங்கமே விழுந்தது. அவ்வளவு பெரிய அறிக்கையில் என் பெயரோ மேசைவிரிப்போ இல்லை. அன்று தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தவமலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பிந்தி வந்தது என்னால் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன் என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

“நீங்கள் இஞ்ச இருந்து உங்களை ஏசிக்கொண்டிருந்திருக்கிறியள். நானும் அங்க இருந்து உங்களைத்தான் ஏசிக்கொண்டிருந்தனான். செய்தவனை ஏச ஒருத்தரும் இல்லாமல் போச்சுது.”

பிறகுதான் சிரித்தாள். மூச்சுமுட்டச் சிரித்தாள், கடைசியில் அழுதாள். மகள் காரணம் கேட்டாள், கதை அவளுக்கும் போய்ச் சேர்ந்தது. அத்தோடு என் மானம் போனது. பஸ் பிந்தினால், பீட்ஸா பிந்தினால், டென்மார்க்கில் கோடை பிந்தினால் (அது எப்போதும் பிந்தும்), எங்கள் வீட்டில் ஒரே கேள்வி: “அப்பா ஆருக்குப் போர்த்தினவர்?” பேரனுக்குத் தமிழ் அரைகுறை. இந்த ஒரு வசனத்தை மட்டும் பிழையில்லாமல் சொல்லுகிறான்.

போன மாதமும் ஒடென்சேக்குப் போகிற வழியில் ரயில் நின்றுவிட்டது. மகள் கேட்டாள். நான் வழக்கம்போலத் தவமலரிடம் திரும்பி, “மன்னிச்சுக்கொள்ளும்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பிந்திய அந்த வருடங்களுக்காக இந்த நாட்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்டவன் இன்றுவரை நான் ஒருவன்தான்.