உன் பால்கனியில் வெயில் எத்தனை மணிக்கு விழும்?

அலெக்சாந்திரியாவில் ஆறு மாடி ஏறி உட்கார்ந்திருக்கும் என் தங்கை இன்ஷிராஹுக்கு, கிர்காவுக்கு மேற்கே கால்வாய்க் கரையிலிருந்து அக்கா நபவிய்யா எழுதுவது. உன்மீது அமைதியும் இறைவனின் அருளும் உண்டாகட்டும். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் என் தலையில் விழும் என்பதால் சொல்கிறேன், வேறு காரணம் இல்லை. இங்கே நான், என் மகன் ரஷ்வான், எருமை, புறாக்கள் எல்லோரும் நலம். எருமைக்கு மட்டும் கொஞ்சம் வயிறு சரியில்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் அது ஆரம்பித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போ, உன் முகத்தைப் பாக்கணும், கடலையும் காட்டறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய் நாற்பத்தொரு வருடம் ஆகிறது. இத்தனை வருடம் அந்தக் கடல் எங்கே போயிருந்தது? இந்த மாதம்தான் வாங்கி வைத்தீர்களா? காரணமில்லாமல் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு வேளை அம்மாவின் இரண்டு பேரீச்சை மரங்களில் உன் பங்கு ஞாபகம் வந்திருக்கும், பத்திரத்தில் என் கையெழுத்தை வாங்கப் பார்க்கிறாய் என்று முதலில் நினைத்தேன். அந்த மரங்களில் ஒன்று ஆண் மரம், அது காய்க்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதுவும் தவிர, நான் எப்படி வர முடியும்? நான் இட்ட ஆணையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அம்மாவை மண்ணில் வைத்த அன்று, நம் வீட்டில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கறுப்பில் உட்கார்ந்திருக்க, குர்ஆன் ஓத வந்தவர் கண்ணை மூடி நீட்டி ஓதிக்கொண்டிருந்தபோது, நம் ஆண் வாத்து மெதுவாக நடந்து வந்து அவருடைய அங்கியின் பின்பக்கத்தைக் கவ்வியது. அவர் ஓதலை நிறுத்தாமலே ஒரு கையால் அங்கியை இழுக்க, வாத்து ஒரு பக்கம் இழுக்க, நீ சிரித்தாய். இன்ஷிராஹ், நீ வாய்விட்டுச் சிரித்தாய். நானும் அதைப் பார்த்தேன், எனக்கும் வந்தது, ஆனால் நான் என் சால்வையில் பாதியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன், அழுகையென்று எல்லோரும் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். உனக்கு அந்த அறிவு இல்லை. "அம்மா செத்த வீட்டுல சிரிச்ச பொண்ணுங்க" என்று அடுத்த கோதுமை அறுப்பு வரை ஊர் பேசியது, என்னையும் சேர்த்துத்தான் பேசியது. நீயோ மூன்றாம் நாள் துக்கம் முடியும் முன்பே, இரண்டாம் நாள் மதியமே, புருஷனுக்கு மீன் கடை திறக்க வேண்டும் என்று ரயிலேறிவிட்டாய். அன்று வாசலில் நின்று சொன்னேன், "அல்லாஹ் மேல ஆணை, என் குரல் இனிமே உன் காதுல விழாது." சொன்னால் சொன்னதுதான். ரஷ்வான் கல்யாணத்துக்கு நீ வந்து மூன்று நாள் தங்கினபோது நான் வாயே திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்து, பல் பிடுங்குகிற நாவிதனைக் கூட்டி வந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் நீ எதிரே நிற்கிறாய். நல்ல பல் ஒன்று போயிற்று. பல்லை விட்டேன், ஆணையை விடவில்லை.

ஆகையால் நான் வருவதாக இல்லை. ஆனால் ஒரு மனிதர் ஒரு ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பக்கத்து வீட்டு உம்மு ஸக்கி போன குளிர்காலம் அங்கே போய் வந்தாள். கடல் சுவரைத் தாண்டி ரோட்டுக்கே வந்து அவளை நனைத்ததாம், அழைக்காத வீட்டுக்கு வருகிற சம்பந்தி மாதிரி. உங்கள் கடல் எதுவரை வரும்? ஆறாம் மாடிக்கு ஏறுகிற அந்தப் பெட்டி நடுவில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? பால்கனியிலிருந்து கூடையைக் கயிறு கட்டித் தெருவுக்கு இறக்கி ரொட்டி வாங்குகிறீர்களாமே, கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல. கீழே நிற்பவன் கூடையில் என்ன போட்டான் என்று மேலே வரும்வரை தெரியாதே, அதை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? எங்கள் ரொட்டிக்கு மாவைத் தட்டி மண் தட்டில் வைத்து வெயிலில் பொங்கவிட வேண்டும், அது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. உன் பால்கனியில் வெயில் எத்தனை மணிக்கு விழும், எத்தனை மணிக்குப் போகும்? மண் தட்டு பத்து வைக்க இடம் இருக்கிறதா? ஒரு வாத்தைக் கட்டிப்போட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களா? நான் வருவதற்காகக் கேட்கவில்லை. நகரத்தில் பை அறுப்பவர்கள் உண்டு என்று ரஷ்வான் சொன்னதால் பாவாடைக்கு உள்ளே ஒரு பை தைத்தேன். அதுவும் கை சும்மா இருந்ததால் தைத்தது.

இனி என் அடுத்த சந்தேகத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதம் உன் கையெழுத்து இல்லை. நீ எழுதினால் வரிகள் கழுதை மேடேறுவது போலப் போகும். இது கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. இது உன் மருமகள் சவ்சனின் வேலை என்று உடனே கண்டுபிடித்தேன். அவள் எதற்கு எனக்கு எழுத வேண்டும்? மாவு பிசைய ஓர் ஆள் வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் உன்னை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போகப் பார்க்கிறாள். நகரத்துப் பெண்கள் நகத்தில் சாயம் பூசுவார்கள், மாவில் கை வைக்க மாட்டார்கள். அப்புறம் கடிதத்தோடு வந்த போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாய், குழந்தை பிடிப்பது போல. படம் எடுப்பவனைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாய். சட்டைப் பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறாய். எட்டு வயதில் தலை வகிடு கோணினால் சாப்பிட மாட்டேன் என்று படுத்தவள் நீ. அடுத்த ஊர்க் கூரையில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் புறா என்று சொன்னவள் நீ.

ரஷ்வானைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் போன மாதம் வண்டிச் சவாரியாக அலெக்சாந்திரியா வந்தபோது உன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு வந்தவன். "சின்னம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்றான், தன் காலைப் பார்த்துக்கொண்டு. அவன் அப்பாவும் பொய் சொல்லும்போது காலைத்தான் பார்ப்பார்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா" என்றேன்.

"கண்ணு போச்சும்மா. ரெண்டும்தான். இனிமே வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சின்னம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். ஏற்கெனவே காட்டியிருந்தேன், மறுபடியும் காட்டினேன்.

முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொன்னாயே, பொய்காரி. என் முகத்தை இனி நீ என்ன செய்வாய்? உனக்கு வேண்டியது என் குரல். அதைத்தான் நான் பத்தொன்பது வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறேன், உனக்கு அது தெரியும். என் ஆணையை உடைக்க வேறு வழி கிடைக்காமல்தான் கண்ணை விட்டாயோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நீ செய்யக்கூடியவள்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஷேக் மஹ்ரூஸிடம் போய், ஒரு பெண், நான் இல்லை, இப்படி ஒரு ஆணை இட்டுவிட்டாள், அதை முறிக்க என்ன பரிகாரம் என்று சும்மா கேட்டு வைத்தேன். "பத்து ஏழைங்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடச் சொல்லுங்க அத்தை" என்றார். ஏழைகளுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? வாசலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிறவள், கால்வாய்க் காவல்காரன், அவன் மாமியார், ஒரு நொண்டி. நாலு பேர். அதற்கு மேல் நான் பேசுகிற ஏழை யாரும் ஊரில் இல்லை. பானை செய்கிற அவாத் என் ரொட்டியைக் கல் என்று சொன்னவன், அவன் முன்னால் என் ரொட்டியை வைப்பதில்லை என்று ஆணை இட்டிருக்கிறேன். விதவை ஹானிம் தன் ஆட்டை என் கீரையில் விட்டவள், அவள் கால் என் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஆணை. துடைப்பம் கட்டுகிறவன் நம் அம்மாவின் துக்கத்துக்கு வராதவன், அவனுக்கும் ஓர் ஆணை. இந்த மூன்று பேருக்குச் சோறு போட வேண்டுமானால் மூன்று ஆணையை முறிக்க வேண்டும், அதற்கு முப்பது ஏழைகள் வேண்டும், அந்த முப்பதில் இருபத்தாறு பேரோடு எனக்குப் பேச்சில்லை. ஷேக்கிடம் திரும்பப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தை, உங்க கோவத்துக்குச் சாப்பாடு போட இந்த ஜில்லாவே பத்தாது. ஆள் கிடைக்காதவங்களுக்கு மூணு நாள் நோன்புன்னு இருக்கு. நோன்பு வையுங்க, போங்க."

"நான் இல்லைன்னு சொன்னேனே ஷேக்."

"அந்தம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

இந்த வயதில், இந்தப் பித்த உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு சிரிப்புக்காரிக்காக மூன்று நாள் பட்டினி கிடக்க எனக்கு என்ன தலையெழுத்து? ஆகவே முடிவாகச் சொல்கிறேன், நான் வரவில்லை. உன் கடல் உன்னோடு இருக்கட்டும். என் ஆணை என்னோடு இருக்கட்டும்.

உன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. செத்துப்போன உன் புருஷனுக்கு இறைவன் இடம் கொடுக்கட்டும், மீன் கடையை இரண்டு நாள் தாமதமாகத் திறந்திருந்தாலும் கொடுத்திருப்பான். மருமகளுக்கு ஆசி, பாதி மட்டும். உன் வாசலுக்குத் தீமை வராமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
நபவிய்யா

பின்குறிப்பு: சவ்சன், இதை அவளுக்கு வாசித்துக் காட்டப் போவது நீதான் என்பது எனக்குத் தெரியும். மேலே இருப்பதில் ஒரு வரியும் வாசிக்காதே, கிழித்து அடுப்பில் போடு. மூன்றாவது நோன்பை நேற்று சூரியன் விழுந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தில் முடித்தேன். ரஷ்வான் டிக்கெட் எடுத்துவிட்டான். இந்த வாரம் விட்டு அடுத்த சனிக்கிழமை மாலை சீதி காபர் ஸ்டேஷனில் இறங்குகிறேன். அவளைப் பொத்தான் சரியாகப் போட்டுக் கூட்டி வந்து நடைமேடையில் நிறுத்து. அவள் எதையும் தேட வேண்டாம், நின்றால் போதும், இறங்கியதும் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பத்தொன்பது வருடம் வைத்திருந்த குரல், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். உன்னைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று மாவு பிசையும்போது பார்த்துக்கொள்கிறேன். கூடையில் ஒரு வாத்து வரும், அந்த வாத்தின் பேரன், இதுவும் அங்கியைக் கவ்வும். கடற்கரையில் அங்கி போட்ட ஆள் யாராவது போனால் அவளுக்குப் பக்கத்தில் இருந்து நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். இந்தத் தடவை சால்வையை வாயில் வைத்துக்கொள்ள மாட்டேன்.