பதினாறுக்கு முன்னால் சேவ் பண்ணியது

பசுவந்தனை,
14.11.2006

பெங்களூரில் கம்ப்யூட்டர்களை வாய்பொத்தி நிற்கவைக்கும் மகாகனம் பொருந்திய என் தங்கை மகன் மணிகண்டபிரபுவுக்கு, தாய்மாமன் ராமசுப்பு எழுதிக்கொண்டது. இங்கே பருத்தி நலம், உளுந்து நலம். நான் நலமில்லை. நீ கொண்டுவந்து வைத்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியும் நலமில்லை.

அண்ணன் மாயகிருஷ்ணன், அதாவது உன் பெரிய மாமா, செத்த துட்டிக்கு வந்தவன், பதினாறாம் நாள் காரியத்தன்று ஊருக்குக் கொடுக்க அவரைப் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதச் சொல்லிவிட்டுப் போனாய். உட்கார்ந்த முதல் நாளே நான்கு பக்கம் வந்தது. அதில் அண்ணன் கரிசல் சேற்றில் புதைந்த லாரியை ஒற்றைக் கையால் தூக்கி ரோட்டில் வைத்தார். மேகத்தை அதட்டி மழையை இறக்கினார். அதற்குள் ராகுகாலம். அந்த நேரத்தில் காரிய நோட்டீஸ் எழுதினால் வீட்டில் இன்னொரு நோட்டீஸ் எழுத வேண்டிவரும் என்று உன் அத்தை பெருமாயி மவுசை வயரோடு பிடுங்கி உளுந்து டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி சொருகினேன். திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது, இருண்டது, பிறகு நீ யார், ரகசியச் சொல் என்ன என்று கேட்டது. சொல்லிவிட்டு உள்ளே போனால் நான்கு பக்கமும் இல்லை. லாரி இல்லை, மேகம் இல்லை. ராகு தினமும் வருகிறார். மவுசும் தினமும் டப்பாவுக்குப் போகிறது. மறுநாள் இரண்டு பக்கம் எழுதினேன், போயிற்று. அடுத்த நாள் அரைப் பக்கம், அதுவும் போயிற்று.

உனக்குப் போன் போட்டேன். "மாமா, சேவ் பண்ணிட்டு அப்புறமா வயரைப் புடுங்குங்க" என்றாய். கொள்ளி வைத்தவன் நான், பதினாறு கழியாமல் முகத்தில் கத்தி படலாமா என்று இழுத்தேன். லைன் கரகரத்தது. கண்டிப்பாகச் சேவ் பண்ணணும் என்று நீ கத்தியது மட்டும் கேட்டது. படித்த பிள்ளை, காரணமில்லாமல் சொல்லமாட்டான் என்று பதினோராம் நாளான நேற்று வழவழவென்று சிரைத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "கூடப்பொறந்தவிய போயி பதினாறு கழியல, மாப்பிள்ளை கணக்கா வந்து இருக்கிய" என்று சொல்லிவிட்டு உன் அத்தை அடுப்படிக்குப் போய்விட்டாள். பங்காளிகள் வாசல் ஏறவில்லை. மானத்தையும் மயிரையும் ஒரே கத்தியில் எடுத்துவிட்டாயே, பாவி. அத்தனைக்கும் பிறகு எழுதிவிட்டு, ராகுகாலம் கழிந்து மவுசைச் சொருகினால், நேற்றும் நீ யார் என்றுதான் கேட்டது.

அதைத்தான் தாங்க முடியவில்லை மருமகனே. ஆஸ்பத்திரியில் கடைசிப் பத்து நாளும், நான் காப்பி வாங்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம், "ஏலே, நீ யாருலே?" என்றுதான் உன் பெரிய மாமா கேட்டார். ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொல்லித்தான் கட்டில் பக்கம் உட்கார்ந்தேன். இனி ஒரு பெட்டிக்கும் சொல்ல என்னால் ஆகாது. வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. நோட்டீஸ் கிடையாது.

உன் தலை நரைக்காமலும், உன் மவுசை யாரும் பிடுங்காமலும் நூறாண்டு இரு.

ராமசுப்பு

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், எதிர்வீட்டு ஜெயப்பிரியா வந்தாள், கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறவள். சேவ் என்பது தாடைக்கு இல்லையாம். எழுதியதைப் பத்திரப்படுத்துகிற பட்டனாம். பாவி என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். புதிதாக எழுதி, அவள் காட்டியபடி அமுக்கிவிட்டு, நானே மவுசைப் பிடுங்கிச் சொருகினேன். நீ யார் என்றது. சொன்னேன். எழுதியது இருந்தது. மொத்தம் ஒரே வரி: 'மாயகிருஷ்ணன், ராமசுப்புவின் அண்ணன்.' லாரியைச் சேர்க்கவில்லை. அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும்.