எண்பது வரட்டும்

பிரதாப்புக்குக் கிறுக்கு என்று தோணிரேவு கிராமத்தில் பேசிக்கொள்வது சுத்தப் பொய். அவர் மீட்டர் முள் பார்க்கிற இனம், அவ்வளவுதான். ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

அடையாளம் சொல்லவா? மூன்றாம் கையாக வாங்கிய டர்போ கார். அதில் இருக்கிற மீட்டர் போதாதென்று கூலண்டுக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று எனச் சூடு காட்டத் தனியாக இரண்டு மீட்டர். "கூலண்ட் தொண்ணூறு, ஆயில் நூறு, அதாம்பா இஞ்சினுக்கு நல்லது" என்று வலை பின்னுகிறவர்களிடமும் நண்டு பிடிக்கிறவர்களிடமும் கேட்காமலே சொல்லும் வாய். ஆயில் எண்பதைத் தொடாமல் கியரைத் தொடாத கை. போய்ச் சேர்ந்தால் இறங்குவாரா? மாட்டார். டர்போ ஆற வேண்டும். காய்ச்சலில் கிடந்த மாமியாரிடமே, "நூத்திரெண்டுதானா?" என்று உதட்டைப் பிதுக்கியவர்.

ஆனால் அன்றைக்கு அவர் மனைவி கஸ்தூரிக்கு முதல்முதலாகக் கல்யாண ஆர்டர். ஏழரை மணிக்குள் ஏரி இறால் பொன்னேரி மண்டபத்துக்குப் போகாவிட்டால், சமையல்காரர் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார். மடியில் இறால் வைத்த ஐஸ் பெட்டியோடு கஸ்தூரி காரில் ஏறி உட்கார்ந்தாள். இஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை.

"இன்னாயா, கெளம்பு."

"அம்பதுதான் காட்டுது. எண்பது வரட்டும்."

"இங்க ஐஸு கரையுது, மடியெல்லாம் தண்ணி."

"கூலண்ட் வந்துடுச்சு. ஆயில் கொஞ்சம் லேட்டாதான் வரும்."

"மெதுவா ஓட்டிக்கினே போனா தன்னால சூடாவும்னு மெக்கானிக் ஜேம்ஸு சொல்லல?"

"அது சாதா வண்டிக்குடி."

"இது இன்னா, ராக்கெட்டா?"

அவர் மீட்டர் பக்கம் குனிந்தார். முள் அறுபதில் அசைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவரிடம் பேசலாமா?

கஸ்தூரி கதவைத் திறந்தாள். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள். அந்த ஆட்டோவில் மீட்டர் எதுவும் இல்லை, ஹாரனும் அடிக்காது. மண்டபத்துக்கு ஏழு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே பிரதாப் தொடையில் தட்டினார். "எண்பது! பார்த்தியா கஸ்தூரி?"

பக்கத்து இருக்கையில் ஒரு துண்டு ஐஸ் கிடந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்களும் எதற்கோ சரியான சூடு வரட்டும் என்று காத்திருக்கிறவர்தானே? முள்ளை விடுங்கள். பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடு இருக்கிறதா?