தம்பி வீட்டுக்குப் போன வெயில்

பாகப்பிரிவினையில் கெலவரப்பள்ளி கால்வாய்த் தண்ணீர் பாயும் நிலம் தம்பி வெங்கட்டுக்குப் போனது. அன்றைக்கே சென்னப்பன் முடிவு செய்தார். தன் வீட்டுத் துரும்புகூட அவன் வீட்டுக்குப் போகக் கூடாது. ஏழு வருடம் ஓடிவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தம்பி தும்மினால் கேட்கும். வாய் தவறி ‘நூறு’ என்று சொல்லிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

கரண்ட் போனால் அந்த வீட்டில் மட்டும் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும். இவருக்கு வயிறு எரியும். மாடியில் சோலார் போடப்போகிறேன் என்றார். சூரியனே தன் கட்சிக்கு வந்துவிட்டால் தம்பியின் பேட்டரி எம்மாத்திரம்?

சம்சாரம் ரங்கம்மா உடனே சரி என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். மாட்ட வந்த மணிகண்டன் பேட்டரியும் வேண்டுமா என்று கேட்டதற்கு, சாமி அறையை அடைக்கும், வேண்டாம் என்றவளும் அவள்தான்.

ஒரு மாதம் கழித்து, பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள் வந்தது. உச்சி வெயில். சென்னப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு ஃபேனுக்குக் கீழே ஜம்மென்று உட்கார்ந்தார். ஃபேன் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது.

மணிகண்டனுக்குப் போன் போட்டார்.

“லைன் இல்லன்னா இதுவும் நின்னுடும் சார். கம்பத்துல ஏறி வேலை செய்யறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதில்ல? அம்மாகிட்ட அப்பவே சொன்னனே.”

“மத்த நாள்ல மிச்சமாகற கரண்ட் எங்கடா போகுது?”

“லைன்ல போகும் சார். பக்கத்து வீட்ல ஃபேன் ஓடுனா முதல்ல அதுக்குத்தான்.”

துரும்பு போகக் கூடாதென்று இருந்தவர் ஒரு மாத வெயிலையே அனுப்பியிருக்கிறார். தம்பி வீட்டில் சட்னி அரைத்தது, மாவு ஆட்டியது, தொட்டி நிரப்பியது எல்லாம் இவர் மாடி.

“உனக்குத் தெரியுமா?” என்றார்.

ரங்கம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “தம்பி பொண்டாட்டிக்கு பின்னாடி சுவத்து மேல குழம்புக் கிண்ணம் நீட்டி நீட்டி ஏழு வருஷமா எனக்குத் தோள்பட்டை போச்சுங்க. இப்ப கம்பியே குடுத்துக்குது.”

எல்லாவற்றையும் கழற்றி எறியப்போவதாகச் சொன்னார். அவள் கீரைத் தட்டோடு எழுந்தாள். “கழட்டுங்க. அதுவரைக்கும் எதுக்கு வேகறீங்க? அவங்க பேட்டரியில இருக்கறது காலையில நம்ம மாடியில இருந்து போனதுதான். நம்ம காத்து வாங்க நமக்கென்ன வெக்கம்?”

அரை மணி நேரம் தாங்கினார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வாசல்படியை மிதித்தார். வெங்கட் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ரங்கம்மா சொல்லி, விடிந்ததுமே போட்டு வைத்துவிட்டார்களாம்.