நீராவி மெஷினும் கோயில் மைக்கும்

புக்கிட் காத்தில், மலாக்கா.
19.7.1996

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் தனபாலன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் ஜானகியின் கணவன் நாகமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காளும் நலம், என் மூக்கு மட்டும் நலமில்லை. சிரம்பானில் நீங்களும் தங்கை புனிதாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. நிற்க. உங்களிடம் வாங்கிய நீராவி மெஷினைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. பேஜருக்குச் சேதி விட்டால் நீங்கள் திருப்பிக் கூப்பிடுவதில்லை. உத்தரவாத அட்டையிலோ, குறையை எழுத்தில் தெரிவித்தால் விற்ற ஏஜண்ட் நேரில் வந்து பார்த்தாக வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன்.

விலையைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, கறுப்புப் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்து, "மாமா, இது சாதா சாமான் இல்ல லா, டாப் குவாலிட்டி. ரெண்டே நிமிஷம் மூஞ்சிய காட்டுங்க, மூக்கு ஹைவே மாதிரி தொறந்துக்கும்" என்றீர்கள். நான் யோசிப்பதற்குள் உங்கள் அக்காள் வாங்குவதாகச் சொல்லிவிட்டாள். மறுநாளே மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டி, புது வண்டிக்குச் செய்வதுபோல் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவும் பார்த்தாள். மெஷினுக்குச் சக்கரம் இல்லாததால் பழத்தை நானே காலால் மிதித்தேன். இவ்வளவு மரியாதை செய்தும் அது எங்களுக்கு என்ன செய்தது?

முதலில் பிளக். அதற்கு இரண்டு கால், நம் வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டை. அதற்காக ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் வந்து மேல் ஓட்டையில் என் பேனா மூடியைச் செருகி மாட்டிக் காட்டி, கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். பிறகு பொத்தான். மெஷினுக்குப் பின்பக்கம் இருக்கும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால்தான் ஆவி வருகிறது. குழாயோ என் சாணளவுகூட இல்லை, அதை ஒரு கை பிடிக்க வேண்டும். தலைமேல் துண்டைப் பிடிக்க இன்னொரு கை. அம்மனுக்கு இருக்கிற மாதிரி எட்டுக் கை உள்ளவர்களுக்காகச் செய்த மெஷின் என்றால் அதைப் பெட்டிமேல் போட்டிருக்க வேண்டாமா? தண்ணீர் தீர்ந்தால் பாட்டு வேறு பாடுகிறது, அச்சு அசல் ஐஸ்கிரீம்காரன் மோட்டார் சைக்கிளில் போடும் பாட்டு. நேற்று நான் துண்டை விலக்கிப் பார்த்தபோது எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "தாத்தா, சாக்லேட் இருக்கா?" என்று ஒன்று கேட்கிறது.

மரியாதை குறைந்தால் மன்னிக்கவும் மச்சான், கோபத்தில் பேனா இனி 'நீ' என்றுதான் எழுதும். கோயில் தீர்த்தம் ஊற்றினால் நல்லது என்று ஊற்றினேன், வடிகட்டித்தான் ஊற்றினேன், அப்படியும் குழாய்க்குள் ஒரு துளசி இலை போய் அடைத்துக்கொண்டது. அதற்கு இரண்டாவது கடிதம். நீ வந்து இலையை எடுத்துவிட்டு, நண்டு சாப்பிட்டுவிட்டு, அக்காளோடு சாயந்திரம் வரை கதை பேசிவிட்டுப் போனாய். ஒரு துளசி இலையைத் தாங்காத மெஷினை டாப் குவாலிட்டி என்று எந்த வாயால் சொன்னாய்? நீ போன மூன்றாம் நாள் மூடி இடுக்கிலிருந்து ஆவி கசிய ஆரம்பித்தது. குழாய்க்குப் போக வேண்டியதெல்லாம் இப்போது பக்கவாட்டில் போய்ச் சுவரில் தொங்கும் காலண்டரை நனைக்கிறது. காலண்டருக்கு ஜலதோஷம் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதே. செலண்டார் பக்கம் நம் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா, வரும் ஆகஸ்டு நாலாம் தேதி. இருபத்திரண்டு வருஷமாக அந்த மைக் என் கையில் இருக்கிறது. பால்குடம் எடுப்பவர் பெயரிலிருந்து காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறம் வரை என் குரலில்தான் ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் மைக் சோதித்துப் பார்த்தபோது கோயில் தலைவர் அங்கமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க மூக்கு மைக்ல ஊதுது லா. சரியாவலன்னா இந்த வருஷம் வீராசாமி பேசட்டும்" என்றார். வீராசாமி! போன வருஷம் நான் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில், வழியை அடைத்து நின்ற லாரியை எடுக்கச் சொல்லாமல், தன் மகள் எஸ்.பி.எம். பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்களைப் பாடம் பாடமாக வாசித்தவர்! அவர் கையில் மைக் போவதைப் பார்த்துக்கொண்டு நான் கூட்டத்தில் நிற்க வேண்டுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது மச்சான், நேற்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏற்கனவே மூக்கு அடைத்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உன் அக்காளைத்தான் எனக்குப் புரியவில்லை. மெஷின் கெட்டால் அவளுக்கும் கடுப்பு இருக்கும்தானே? ஆனால் உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டாள். "தம்பிக்கு உடனே எழுதுங்க" என்று தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துவிட்டு, நண்டு வாங்க வேண்டுமா, கோழி வாங்க வேண்டுமா என்று கேட்கிறாள். இப்போதும் பசாருக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடுகிறேன் என்று பையோடு நிற்கிறாள்.

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இந்த மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடு. உன்னையும் குடும்பத்தையும் அம்மன் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். உன் வியாபாரத்தையும் வளர்க்கட்டும், எங்கள் வீட்டுக்கு வெளியே.

இப்படிக்கு,
அடைத்த மூக்கோடும் அன்போடும்,
மாமா நாகமுத்து

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். மாமா கவர ஒட்டாம குடுத்துட்டாரு. மெஷின எடுத்துக்கிட்டுப் போயிடாத. பொத்தானும் பாட்டும் அந்தக் கம்பெனிக்காரன் புத்தி, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா குழாயில துளசியப் போட்டது நான்தான். மூடிக்குள்ள இருந்த ரப்பர் வளையமும் என் மசாலா டப்பாலதான் இருக்கு. நீ வர்ற அன்னிக்குப் போட்டுடுவேன், மாமாவுக்கு மைக் போவாது, நீ பயப்படாத. அம்மா கருமாதிக்கு அப்புறம் நாலு வருஷம் நீ இந்த வாசப்படி மிதிக்கல. தீபாவளிக்குக் கார்டுதான் வந்துச்சு. மெஷின கொண்டாந்ததையும் சேத்து இந்த ரெண்டு மாசத்துல மூணு வாட்டி வந்துட்ட. ஞாயித்துக்கிழம புனிதாவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வா, கறுப்புப் பை வேணாம். உத்தரவாதம் இன்னும் பத்து மாசந்தான்னு அட்டையில போட்டிருக்கு. அதுக்கப்புறம் நான் என்னா சொல்லிடா உன்னைக் கூப்பிடுறது?